நாலு விரல் தூரம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூலைமட்டம் என்று பெயர். கொத்தனார் சுவர் மூலையில் வைத்துச் சரி பார்ப்பாரே, அந்த மடங்கிய இரும்புத் தகடு. அவளுடைய வலது கை முழங்கையில் அப்படித்தான் மடங்கி நிற்கும். நீட்டினால் நீளாது, மடக்கினால் மடங்காது. போனால் போகிறது என்று கொஞ்சம் அசைந்து கொடுக்கும், அவ்வளவுதான். பெயர் வைத்தவர் எலும்பு வார்டு வாட்ச்மேன். கேட்டதும் அவளே முதலில் சிரித்துவிட்டாள், அதனால் அது ஒட்டிக்கொண்டது. நான் மட்டும் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் வேலை செய்யும் பிசியோதெரபி அறைக்கு நேர் எதிரே எக்ஸ்ரே எடுக்கிறவள் நான். பதினோரு வருஷமாக எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவே எட்டடி நடைபாதைதான் இருக்கிறது.

அந்தக் கை வாய்க்கு எட்டாது. நாலு விரல் தூரத்தில் நின்றுவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளோடு சாப்பிட உட்கார்ந்தபோது அதைப் பார்த்தேன். உதட்டோரம் ஏதோ ஒட்டியிருக்க, மறந்துபோய் வலது கையைத் தூக்கினாள். கை பாதி வழியில் நின்றது. கழுத்தை நீட்டிப் பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இடது கையால் துடைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தள்ளச் சொன்னாள்.

மன்னிப்பதுதான் பெரிய குணம் என்று சொல்கிறவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தக் கை சொந்த வாய்க்கு எட்டாமல் இருபத்தெட்டு வருஷம் இருந்து பாருங்கள், பிறகு உட்கார்ந்து பேசுவோம். இது மன்னித்த கதை இல்லை.

பதினேழு வயதில் அவள் பள்ளிக்கூடத்து வாலிபால் அணியில் இருந்தாள். சர்வீஸ் போட்டால் எதிர் அணி ஒதுங்கி நிற்குமாம். இதை அவள் சொல்லவில்லை, அவளோடு விளையாடிய ஒருத்தி கால் சுளுக்கி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சொன்னாள். பெரிய அணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்து ஒரு கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பஸ் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டான். அவளைவிட ஆறு வயது பெரியவன். அப்பா வெளியூர் வேலையிலேயே காலம் தள்ளியவர், வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஊர் ஊரா ஆட்டம்? குடு அதை."

அவள் கடிதத்தை வலது கையில் பிடித்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து மேல்நோக்கி முறுக்கினான். அவள் விடவில்லை. அவனும் விடவில்லை. முழங்கையில் ஈரத்துணியை உதறுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவள் விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன, கடிதம் அவன் கைக்குப் போயிற்று.

நழுவிய முழங்கை மூட்டை அவனே இழுத்து உள்ளே போட்டான். அதுவும் குத்துமதிப்பாகத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள், எழுதுவார்கள். அதனால் ஆஸ்பத்திரி கிடையாது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னான். அம்மா அப்போது அடுத்த அறையில்தான் இருந்தாள், எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அம்மாவும் மறுநாள் முதல் அக்கம்பக்கத்தில் அதையே சொன்னாள். அண்ணன் தினமும் சாயங்காலம் எண்ணெய் சூடு பண்ணிக்கொண்டு உட்காருவான். தங்கை கையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நன்றாக அழுத்தி நீவி, மடக்கி, இழுத்து விடுவான். அவள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவாள்.

"அம்மா, விடச் சொல்லும்மா. தப்பா இழுக்கிறாரும்மா."

"அண்ணனுக்குத் தெரியாததா? பொறுத்துக்கோ" என்பாள் அம்மா.

"போகப் போக சரியாயிடும்" என்பான் அண்ணன்.

முதல் பத்து நாள் கை கொஞ்சம் மடங்கத்தான் செய்தது. அதன் பிறகு நாளுக்கு நாள் இறுகியது. இறுக இறுக அவன் இன்னும் பலமாக இழுத்தான். நாற்பதாம் நாள் கை அசையாமல் நின்றுவிட்டது. "விழுந்த விழுகை அப்படி" என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்தான்.

இருபத்திரண்டு வயதில் இதே ஆஸ்பத்திரியில் துண்டு மடிக்கவும் படுக்கை துடைக்கவும் அவள் வேலைக்கு வந்தாள். அப்போதிருந்த எலும்பு டாக்டர் அவள் கையைப் பார்த்துவிட்டு, தானாகவே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். படத்தை வெளிச்சத்தில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரும்மா இதை நீவினது?"  அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "சும்மா விட்டிருந்தா சரியாயிருக்குமே" என்றார்.

முழங்கை மடிப்புக்கு உள்ளே, எலும்பை ஒட்டினாற்போல ஒரு தசை இருக்கிறது. கையை மடக்குவதற்கு முக்கியமான தசை. மூட்டு நழுவும்போது அது கிழிந்து உள்ளுக்குள் இரத்தம் கட்டும். அப்படியே ஓய்வில் விட்டால் உடம்பு அந்தக் கட்டைத் தானே கரைத்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதை விட்டுவிட்டு தினமும் போட்டு அழுத்தி, நீவி, வலிக்க வலிக்க இழுத்தால் கிழிந்தது மறுபடி கிழியும். உடம்பு என்ன செய்யும்? ஏதோ உடைந்திருக்கிறது, ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சதைக்குள்ளே எலும்பை வளர்க்க ஆரம்பித்துவிடும். படத்தில் முதலில் மங்கலாக வெள்ளை படரும். பிறகு அது கெட்டிப்பட்டு மூட்டுக்கு முட்டுக்கொடுத்த மாதிரி நின்றுவிடும். அவள் கைக்குள் இருப்பது அதுதான். அண்ணன் வளர்த்த எலும்பு.

"கையை முறுக்கினதைக்கூட விட்டுடுவேன்டி. கோவத்துல பண்ணினது. சும்மா விட்டிருந்தா சரியாயிருக்கும்னு டாக்டர் சொன்னார் பாரு, அதைத்தான் விட முடியல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். அந்த எக்ஸ்ரே படத்தைப் பழுப்பு உறையில் போட்டு, தன் அறை அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அந்த வேலையிலிருந்தபடியே அவள் படித்தாள், பாஸ் பண்ணினாள், அதே அறையில் பிசியோதெரபிஸ்டாக உட்கார்ந்தாள். அவளைப்போலச் சொல்லித்தர ஆள் கிடையாது. "தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்னால இருக்கிறது இழுத்தா மடங்கும், பின்னால இருக்கிறது இழுத்தா நீளும். ரெண்டு பேரும் ஒத்துப் போகணும், மாமியார் மருமகள் மாதிரி" என்பாள். மாவுக்கட்டு பிரித்ததும் உள்ளேயிருந்து செதில் செதிலாகத் தோல் உரிந்து வரும்போது பயப்படுகிறவர்களிடம், "தோல் தினமும்தான் உதிருது, நீங்க குளிக்கும்போது போயிடும். இத்தனை நாள் போக வழியில்லாம உள்ளேயே கிடந்துச்சு, அவ்வளவுதான்" என்பாள். எலும்பு செத்த கட்டை இல்லை, சுமை கொடுத்தால்தான் அது கெட்டியாக இருக்கும் என்று நடக்கப் பயப்படுகிறவர்களை அதட்டி நடக்க வைப்பாள்.

முழங்கை நோயாளிகளுக்கு மட்டும் தனிச் சட்டம். எண்ணெய் கூடாது. நீவக் கூடாது. சூடு ஒத்தடம் கூடாது. வேறு யாரும் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அவர்களே தங்கள் பலத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு மடக்கி, வலி வந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இதை அச்சடித்த தாளில் கொடுப்பாள், படித்துக் காட்டுவாள், போகும்போது திரும்பக் கேட்பாள், மறுநாள் வந்ததும் கையை முகர்ந்து பார்ப்பாள். ஒருநாள் ஒரு பெரியவருடைய மருமகள் பையில் எண்ணெய் பாட்டில் எட்டிப் பார்த்தது. அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாகக் கீழே ஊற்றிவிட்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். 

இப்படிப்பட்ட அறைக்குத்தான் அண்ணன் வந்தார்.

அண்ணன் இப்போது ஐம்பத்தொரு வயது பஸ் டிரைவர். டெப்போவில் படிக்கட்டில் கால் தவறி, கையை ஊன்றி விழுந்ததில் வலது முழங்கை நழுவிவிட்டது. எங்கள் டாக்டர் மூட்டைச் சரியாக உட்கார வைத்து, மூன்று வாரம் மாவுக்கட்டில் வைத்திருந்து, பயிற்சிக்கு எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதத்தில் மெடிக்கல் பரிசோதனை. அந்தப் பெரிய ஸ்டியரிங்கை முழுச் சுற்றும் சுற்றிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் பஸ்ஸில் ஏறலாம், டிரைவர் சீட்டில் உட்கார முடியாது.

நான் அந்த ஆளை அதுவரை பார்த்ததில்லை. எப்படியோ ஒரு முரட்டு முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வந்தவர் கலகலப்பான மனுஷர். வாட்ச்மேனிடம் வம்பளந்தார், வீல்சேர் தள்ளுகிறவருக்குத் தோள் கொடுத்தார், பெஞ்சில் காத்திருந்தவர்களையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சிரிக்க வைத்தார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அண்ணனும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் இல்லை. கல்யாணம் காட்சி என்றால் பார்த்துக்கொள்வார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்த கதையை இருபத்தெட்டு வருஷமாக வீடே நம்பி, அதுவே உண்மையாகிவிட்டது.

கட்டுப் பிரித்த கையைப் பார்த்து அவர் அரண்டு போனார். "என்ன இது, என் கைதானா? குச்சி மாதிரி இருக்கு?"

"மூணு வாரம் வேலை குடுக்கலைல்ல அண்ணே, சதை கரைஞ்சிருக்கு. வேலை குடுத்தா வந்துடும்" என்றாள் அக்கா. கோணமானியை முழங்கையில் வைத்து எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தாள். நூறு டிகிரி. "வாயைத் தொடுங்க பாப்போம்."

அவர் தூக்கினார். நாலு விரல் தூரத்தில் கை நின்றது.

"அட, உன்னை மாதிரியே ஆயிடுச்சு பாரு!" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். அக்கா அந்த அளவை அட்டையில் எழுதினாள்.

பிறகு வழக்கம்போல் தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினாள். எண்ணெய் கூடாது, நீவக் கூடாது. இரண்டாவது வரியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தி, பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"யாருக்கு யாரு சொல்றதுன்னு பாருங்க! இவ சின்ன வயசுல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கை போயிடுச்சு. நாப்பது நாள், ஒருநாள் விடாம நான்தான் எண்ணெய் போட்டு நீவி இழுத்து விட்டேன். இல்லைன்னா இந்த அளவுக்குக்கூட வந்திருக்காது. கேட்டுப் பாருங்க."

பெஞ்சிலிருந்த அம்மாள் ஒருத்தி, "குடுத்து வச்சவம்மா நீ. எங்க அண்ணன்மாரெல்லாம் எட்டிக்கூடப் பாத்ததில்ல" என்று அக்காவைப் பார்த்து உருகினாள். பெஞ்சிலிருந்த ஆறு பேரும் அக்கா முகத்தையே பார்த்தார்கள், அவள் ஆமாம் என்று சொல்வதற்காக.

நான் வாசலில் நின்றிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா மீதியைப் படிக்கவில்லை. தாளை நாலாக மடித்து அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள். "எல்லாம் இதுல எழுதியிருக்கு அண்ணே" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஒருநாளும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

முதல் வாரம் ஒழுங்காகப் போனது. கை நூற்றுப் பத்துக்கு வந்தது. வழக்கமாக அவ்வளவுதான் வரும், அதுவே நல்ல அறிகுறி. ஆனால் அவருக்குப் போதவில்லை. "என்ன தடவிக் குடுக்கிற? பிடிச்சு இழு. எனக்கெல்லாம் வலிக்காது. வேணும்னே இழுத்தடிக்கிறியா?" என்றார். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியிருப்பாள். அண்ணனுக்கு, "இங்க இவ்வளவுதான் அண்ணே" என்றாள்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை அவர் நடைபாதையில் என்னைத் தாண்டிப் போகும்போதே எண்ணெய் வாசனை வந்தது. மேலே பவுடர் போட்டு மறைக்கப் பார்த்திருந்தார். ஏதோ ஒரு படத்தைக் கொடுக்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். அக்கா உள்ளங்கையை அவர் முழங்கைக்கு மேல், முன்பக்கச் சதையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. தொட்டவுடன் உள்ளே சூடு தெரிந்திருக்கும், வீக்கம் தெரிந்திருக்கும். இருபது வருஷமாகத் தோலைத் தொட்டே உள்ளே நடப்பதைச் சொல்கிறவள். அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, எட்டிடுச்சு!" கையைத் தூக்கி விரல் நுனியால் உதட்டைத் தொட்டுக் காட்டினார். "நேத்து என் கையாலயே சாப்பிட்டேன்."

அவள் அளந்தாள். நூற்று இருபத்தைந்து. முதல் பத்து நாள் மடங்கும், பிறகு இறுகும். அது அவளுக்குத் தெரியாதா? ஜன்னல் இப்போது திறக்கும், எண்ணெய் கீழே கொட்டும் என்று நான் காத்திருந்தேன். அவள் உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். அளவை எழுதினாள்.

"நாளைக்கு வாங்க அண்ணே."

மதியம் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "அக்கா, அந்த வாசனை வரலையா உனக்கு?"

"வந்துச்சு."

"இன்னைக்கே நிறுத்தினா காப்பாத்திடலாமே?"

"நிறுத்தினா காப்பாத்தலாம்" என்றாள். "முதல் நாளே தாள் குடுத்துட்டேன்."

"மத்தவங்களுக்குப் பத்து தடவை சொல்றியே?"

"மத்தவங்க என் கையை முறுக்கலையே." இடது கையால் கரண்டியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அவள் அட்டையில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. மற்ற நோயாளிகளுக்கு அதில் எழுத இடம் போதாமல் பின்பக்கம் வரைக்கும் ஓடும். சூடு, வீக்கம், எண்ணெய், டாக்டர் பார்க்கவும் என்று எல்லாம் இருக்கும். அண்ணன் அட்டையில் அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருந்தது. எண்கள் மட்டும் இருந்தன. நூற்று இருபத்தைந்து, நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பன்னிரண்டு.

எண்ணெய் வாசனை வந்த அந்த வாரமே அக்காவின் அண்ணி தனியாக உள்ளே வந்தாள். அண்ணன் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த நேரம். அக்காவை நடைபாதையில் பிடித்து, என் கதவோரமாக ஒதுக்கி, மெதுவாகச் சொன்னாள்.

"உங்க அண்ணன் சொல்ல வேணாம்னார். சாயங்காலம் சாயங்காலம் ஒரு பழைய பயில்வான் வீட்டுக்கு வர்றார். எண்ணெய் போட்டு நீவி, கையைப் பிடிச்சு இழுக்கிறார். இவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கை வேற கொதிக்குது. எனக்கு என்னமோ பயமா இருக்கு. நீ சொல்லு, இது சரிதானா?"

என் கதவு பாதி திறந்திருந்தது. நான் உள்ளே, எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கப் போடும் ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அக்கா அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். 

"அண்ணனுக்குத் தெரியாததா அண்ணி?" என்றாள்.

அண்ணிக்கு முகம் தெளிந்துவிட்டது. "அதானே, நான்தான் பயந்து சாகிறேன்" என்று அக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

நான் ஓடிப் போய் அண்ணியைப் பிடித்திருக்கலாம். எட்டடி நடைபாதை, இருபது படி, அவ்வளவுதான். போகவில்லை. ஈயக் கோட்டின் கனம் காரணம் இல்லை. எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஒரே ஒருநாள் அவள் தடுமாறினாள், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலாம் வாரம். கை நூற்று ஐந்துக்கு இறங்கியிருந்தது. தானாக மடக்கப் பார்த்து முடியாமல் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா" என்று முனகினார். அக்காவின் இடது கை அவர் தோளுக்குப் போனது.

"அண்ணே" என்றாள். குரல் மாறியிருந்தது. "அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்."

அவர் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அழறேன்னு நினைச்சுக்காத. நான் என்ன உன்னை மாதிரியா? என்னா கத்து கத்துவ நீ அப்ப! தெருவே வேடிக்கை பாக்கும். நாடகக்காரி." பிறகு, "சரி, என்ன சொல்லணும்?" என்றார்.

அவள் தோளிலிருந்த கையை எடுத்தாள். "ஒண்ணுமில்ல அண்ணே. அடுத்த வாரம் டாக்டர் படம் எடுக்கச் சொல்லியிருக்கார்."

அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன். அவர் கையை மேசையில் வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. "அசையாதீங்க" என்றேன். "அசைக்கவே முடியலையே" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை. படம் வந்ததும் நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முழங்கைக்கு முன்னால், வெறும் சதை மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை படர்ந்து ஓரம் கெட்டிப்பட்டிருந்தது. விதிப்படி அது டாக்டர் அறைக்குப் போக வேண்டும். நான் நடைபாதையைத் தாண்டி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். அலமாரியைத் திறந்து, துண்டுகளுக்கு அடியிலிருந்து பழுப்பு உறையை எடுத்தாள். சுவரிலிருந்த விளக்குப் பெட்டியைப் போட்டு, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். பிறகு அண்ணனையும் அண்ணியையும் உள்ளே கூப்பிட்டாள். பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கதவைச் சாத்தவில்லை.

"இதுல எது என்னோடது?" என்றார் அண்ணன்.

"வலது பக்கம் இருக்கிறது."

"அப்ப இது?"

"என்னோடது."

அவர் கிட்டே போனார். ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே."

"ஆமா அண்ணே. யாரு பாத்தாலும் அண்ணன் தங்கச்சின்னு சொல்லிடுவாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்கா விரலை வைத்துக் காட்டினாள். நோயாளிகளுக்குச் சொல்லும் அதே நிதானமான குரல். "இது எலும்பு. இந்த இடத்துல எலும்பு இருக்கக் கூடாது. கிழிஞ்ச சதையை ஆற விடாம எண்ணெய் போட்டு நீவி, தினமும் பிடிச்சு இழுத்தா இது வளரும். விழுந்ததால வர்றது இல்ல அண்ணே இது. இழுத்ததால வர்றது. உங்களுக்கு இது பயில்வான் வளர்த்தது. எனக்கு யாரு வளர்த்ததுன்னு உங்களுக்கே தெரியும்."

 அண்ணிதான் முதலில் பேசினாள். 

"நான் உன்கிட்ட வந்து கேட்டேனே? இந்த இடத்துலதானே நின்னு கேட்டேன்? சரிதானான்னு கேட்டேனே?"

"கேட்டீங்க அண்ணி. நானும் எங்க அம்மாகிட்ட நாப்பது நாள் கேட்டேன். அவங்க சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொன்னேன்."

அண்ணி புரியாமல் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்றா இவ? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னுதானே சொன்னீங்க?"

அவர் தங்கையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து முதல்முறையாகப் பார்த்தார். "எண்ணெய் வாசனை உனக்கு வந்திருக்குமே" என்றார்.

"வந்துச்சு."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"சும்மா விட்டிருந்தா சரியாயிருக்கும்" என்றாள் அக்கா.

"ஏங்க, கேக்கிறேன்ல? விழுந்தாளா இல்லையா?" என்றாள் அண்ணி.

"விழல" என்றார் அவர். பெஞ்சு வரைக்கும் கேட்டது. "நான்தான் முறுக்கினேன்."

முகத்தை மூடிக்கொள்ள வலது கையைத் தூக்கினார். கை நாலு விரல் தூரத்தில் நின்றது. தலையைக் குனிந்து எட்டப் பார்த்தார், எட்டவில்லை. கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் முன்னால் அழுதார். "சரியாயிடுமா?" என்று கேட்டார். அந்த எலும்பு வளர்ந்து முற்றிய பிறகு, ஒரு வருஷம் கழித்து வெட்டி எடுத்துப் பார்க்கலாம், மெடிக்கலுக்கு அதெல்லாம் உதவாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போகப் போக சரியாயிடும்" என்றாள் அக்கா.

விளக்குப் பெட்டியை அணைத்தாள். அவருடைய படத்தை அவரிடம் கொடுத்து, டாக்டர் அறை எந்தப் பக்கம் என்று காட்டினாள். தன்னுடையதை உறையில் போட்டாள், ஆனால் அலமாரியில் வைக்கவில்லை. என்னிடம் நீட்டி, பழைய படங்கள் போடும் பெட்டியில் போட்டுவிடச் சொன்னாள். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

அன்று மதியம் அவள் வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டாள். இடது கையால்தான்.